போடுவார்கள், எடுக்க மாட்டார்கள்

கருத்தடைக்கு அரசாங்கம் இப்போது வைத்திருக்கிற பெயர் ‘கூடை’. கூடைக்குள் எல்லாம் இருக்கிறதாம். ஆபரேசன், காப்பர்-டி, தினசரி மாத்திரை, வாராந்திர மாத்திரை, நிரோத், மூன்று மாத ஊசி. 2023க்குப் பிறகு சில மாநிலங்களில் கையில் தோலுக்கடியில் வைக்கிற குச்சியும் வந்திருக்கிறது. எது வேணுமோ எடுத்துக்கோ. கூடை பெரிசாக ஆக, பெண்கள் உடம்பு தேறும், பேறுகாலச் சாவு குறையும், ரத்தசோகை குறையும் என்கிறார்கள். அரசாங்கம் சொல்கிறது, மருந்துக் கம்பெனி சொல்கிறது, ஓட்டல் அறையில் ஏசி போட்டுக் கருத்தரங்கு நடத்துகிற தொண்டு நிறுவனமும் சொல்கிறது. மூன்று பேரும் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னால் நமக்குச் சந்தேகம் வரத்தான் வேண்டும்.

கூடை பெரிசானால் உடம்பு தேறுமா? தேறும். அதை நான் மறுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கும், போட்டதை எடு என்று சொல்வதற்கும் வழி இருந்தால் தேறும். அந்த வழி சேரிப் பெண்ணுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைத் திறக்காமல் சரக்கை மட்டும் கூட்டினால், அவள் உடம்பில் ஏற்றுவதற்கு இன்னும் நாலு சாமான் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இது தலித் பிரச்சினையா, பொம்பளைங்க பிரச்சினையா என்று ஒரு தோழர் கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கூடைக்கு முன்னால் 1960களில் இதற்கு ‘கேஃபடீரியா முறை’ என்று பெயர். சாப்பாட்டுக் கடையில் பலகாரத்தை அடுக்கி வைத்திருப்பார்கள், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், அந்த மாதிரி. பெயர் வைத்தவர்கள் நம்ம ஊர் டீக்கடை வாசலில் நின்றதில்லை போலிருக்கிறது. ரெண்டு கிளாஸ் வைத்திருந்த கடையில் சேரிக்காரனைப் பார்த்து, “உனக்கு எந்த கிளாஸ்ல வேணும்?” என்று எவன் கேட்டான்? கடைக்காரன் கை தானாகவே தனி கிளாசுக்குப் போகும். கேட்காமலே நமக்கு எது என்று முடிவாகியிருக்கும். ஆஸ்பத்திரியிலும் கை அப்படித்தான் போகிறது. மேலத்தெருப் பெண் போனால், “மாத்திரை எடுத்துக்கிறீங்களா, காப்பர்-டி வச்சுக்கிறீங்களா?” சேரிப் பெண் போனால், “ரெண்டு ஆயிடுச்சில்ல, ஆபரேசன் பண்ணிட்டுப் போ.”

இது ஏதோ ஒரு நர்சம்மாவின் கெட்ட குணம் அல்ல. நர்சம்மாவுக்கும் மேலே இருந்து கணக்கு வருகிறது. இந்தக் கணக்குக்கு வயசு அதிகம். 1920களின் கடைசியில் சென்னையில் நியோ-மால்தூசியன் லீக் என்று ஒன்று தொடங்கினார்கள். நீதிபதிகளும் வக்கீல்களுமான மேட்டுக்குடியினர் சங்கம். ஏழைகள் இப்படிப் பெருகினால் நாடு என்னாகும் என்பது அவர்கள் கவலை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி, மூன்று பெற்றவள் நாலாவது பெற்றால் அது ‘பொறுப்பற்ற தாய்மை’ என்று எழுதினார். பெறுகிறவளுக்குத்தான் பொறுப்பு இல்லையாம், பெறவைக்கிறவனைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. அவரே பிறகு சென்னை ராஜ்யத்தின் தலைமைச் செயலாளராக வந்தார். ஆபரேசனுக்குக் காசு கொடுக்கிற வழக்கத்தை 1950களில் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியது சென்னை ராஜ்யம்தான்.

அப்புறம் நடந்ததெல்லாம் தெரிந்த கதை. 1965இல் லூப் வந்தது. பிளாஸ்டிக்கில் செய்தது. லட்சக்கணக்கில் போட்டார்கள். போட்ட பிறகு ரத்தம் கொட்டியது, வயிறு வலித்தது, பார்க்க ஆள் இல்லை. ரெண்டு மூணு வருசத்தில் திட்டம் படுத்துவிட்டது. படித்தவர்கள் அதை ‘வதந்தி’ என்று எழுதினார்கள். பெரும்பாடு வந்து துணி நனைந்தவளுக்கு அது வதந்தி இல்லை. பிறகு ஆண்கள் முறை. 1971 ஜூலையில் கேரளத்தில் எர்ணாகுளம் முகாமில் மட்டும் 60,000 ஆண்களுக்கு மேல் ஆபரேசன். எமர்ஜென்சியில், 1976-77 ஒரே வருசத்தில், நாடு முழுக்க ஏறத்தாழ 82 லட்சம் பேர், முக்கால்வாசி ஆண்கள். வடக்கே பிடித்துக்கொண்டுபோய் அறுத்ததில் தலித்துகளும் முஸ்லிம்களும் ஏழைகளும் மாட்டினார்கள். ஆண்கள் திருப்பி அடித்தார்கள், ஆட்சி கவிழ்ந்தது. அரசாங்கம் அதிலிருந்து ஒரு பாடம் படித்தது. கட்டாயப்படுத்தக் கூடாது என்ற பாடம் அல்ல. ஆண்கள் பக்கம் போகாதே என்ற பாடம். அன்றைக்குப் பெண்கள் பக்கம் திரும்பிய கத்தி இன்னும் திரும்பவில்லை.

கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் ஏதாவதொரு முறையைப் பயன்படுத்துகிறவர்கள் நூற்றுக்கு 68.6. அதில் பெண்களுக்கான ஆபரேசன் மட்டும் 57.8. ஆண்கள் ஆபரேசன் 0.1. ஆயிரம் குடும்பத்துக்கு ஒரு ஆண். கூடையில் ஆறு ஏழு வகை என்கிறார்கள், கையை விட்டுத் துழாவினால் கத்திதான் தட்டுப்படுகிறது. வயசையும் பார்க்கணும். 2015-16 கணக்கெடுப்பில், இந்தியாவில் ஆபரேசன் செய்துகொண்ட பெண்களில் பாதிப்பேருக்கு அப்போது 26 வயசுகூட ஆகவில்லை. படித்த நடுத்தர வர்க்கத்துப் பெண் கல்யாணத்துக்கு ஜாதகம் எடுக்கிற வயசில் நம்ம பெண் கர்ப்பப்பைக் கணக்கை முடித்துவிட்டுச் செங்கல் சூளைக்குப் போகிறாள்.

ஒரு பட்டியல் இருக்கிறது. நம் பத்திரிகைகளில் யாரும் அதைப் பெரிசாக எழுதியதாக நினைவில்லை. ஆபரேசன் செய்துகொள்கிறவர்களுக்குக் கூலி இழப்புக்கு ஈடாக மத்திய அரசு தரும் பணம், 2007இல் திருத்தியது. தமிழ்நாடு மாதிரியான மாநிலங்களில், அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேசன் செய்துகொள்ளும் பெண் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாலோ, தாழ்த்தப்பட்ட, பழங்குடி சாதியாக இருந்தாலோ 600 ரூபா. மற்றவர்களுக்கு 250 ரூபா. சாதிச் சான்றிதழைக் காட்டினால் கருவறுப்புக்கு 350 ரூபா கூடுதல். கல்வி உதவித்தொகைக்கு நாம் தாசில்தார் ஆபீசில் எத்தனை நாள் நின்றிருப்போம்! சுடுகாட்டுப் பாதைக்கு எத்தனை மனு கொடுத்திருப்போம்! இந்த ஒரு இடத்தில் மட்டும் அரசாங்கம் கேட்காமலே நம்மைத் தேடி வந்து சலுகை கொடுக்கிறது.

கூலி இழந்தவளுக்கு ஈடு கொடுப்பது தப்பா என்று கேட்பீர்கள். தப்பில்லை. அப்படின்னா, காப்பர்-டியை எடுக்க வந்து ரெண்டு நாள் கூலியை விடுகிறவளுக்கு என்ன ஈடு? ஊசி போட்டு மூணு வாரமாக ரத்தப்போக்கு நிற்காமல் களைக்குப் போகாதவளுக்கு? பட்டியலில் அதெல்லாம் இல்லை. பிரசவத்தோடு காப்பர்-டி போடுகிறவருக்கு, ஒன்று போட்டால் 150 ரூபா என்று 2014இல் ஊக்கத்தொகை வைத்தார்கள். எடுக்கிறவருக்கு எதுவும் வைக்கவில்லை. போடுவதற்கு மட்டும் காசு வைத்த இடத்தில் தேர்வு எப்படி நடக்கும்?

எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முதல் பிள்ளைப்பேறு, வயசு 21. வீட்டுக்கு வந்து நாலு மாசம் கழித்துத்தான் உள்ளே காப்பர்-டி இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“வலியில கத்திக்கிட்டு இருக்கேன். ஒரு அம்மா வந்து ஏதோ பேப்பர்ல கையெழுத்துப் போடுன்னாங்க. எங்க அம்மா ரேகை வச்சாங்க. எதுக்குன்னு எங்களுக்குத் தெரியல. மாசத்துல பன்னெண்டு நாள் படுது யக்கா. நடவுக்குப் போனா இடுப்பு விட்டுப்போவுது. எடுங்கன்னு போனேன். ‘ஏண்டி, அடுத்த வருசமே இன்னொண்ணோட வந்து நிக்கப் போறியா’ன்னு கேட்டுச்சு அந்த நர்சு. ரெண்டாவது தடவை போனேன், டாக்டர் இல்லன்னாங்க. மூணாவது தடவை, புருசன கூட்டிட்டு வான்னாங்க. போட்டப்ப எம் புருசன யாரு கேட்டா?”

கடைசியில் அவள் தனியார் டாக்டரிடம் காசு கொடுத்து எடுத்தாள். சூளை முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தில். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவள் பெயர் இன்னமும் ‘தற்காலிக முறையைப் பயன்படுத்துபவர்’ என்றுதான் இருக்கும். மேலே அனுப்பும் அறிக்கையில் அவளும் ஒரு வெற்றி. ஆபரேசன் இல்லாமல் வேறு முறை போனது, கூடை விரிந்துவிட்டது!

காப்பர்-டி கெட்ட சாமான் என்று சொல்ல வரவில்லை. நல்ல சாமான். பத்து வருசம் வரைக்கும் தாங்கும், எடுத்த உடனே கரு தரிக்கும், ஹார்மோன் கிடையாது. ஆனால் மாதப்போக்கைக் கூட்டும் என்பது அதன் இயல்பு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று அதே 2019-21 கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கெனவே ரத்தம் இல்லாதவளுக்கு ரத்தத்தை இன்னும் இறக்குகிற கருவியை, சொல்லாமல் கொள்ளாமல் வைத்தால் அதற்குப் பெயர் என்ன? அதே பெண்ணுக்கு மாத்திரை ஒத்துவந்திருக்கலாம், அது போக்கைக் குறைக்கும். ரத்தக்கொதிப்பு இருக்கிறவளுக்கு அந்த மாத்திரை ஆகாது, அவளுக்குக் காப்பர்-டிதான் சரி. பால் கொடுக்கிறவளுக்கு வேறு. உடம்புக்கு உடம்பு வேறுபடும். பல முறைகள் இருந்தால் உடல்நலம் கூடும் என்பதன் உள்விவரம் இவ்வளவுதான். ஒன்று ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிட்டு இன்னொன்றுக்கு மாறலாம். மாறுவதற்கு எடுக்கணும். எடுக்க மாட்டேன் என்றால் கூடையில் நூறு இருந்தும் என்ன?

இது நடந்திருக்கிறது, நடத்திக் காட்டியிருக்கிறார்கள். வங்கதேசத்தில் மேக்னா ஆற்றுப் பக்கம் மத்லாப் என்ற பகுதி. வெள்ளமும் காலராவும் பழகிப்போன ஏழைப் பூமி. 1975இல் அங்கே வீடு வீடாக மாத்திரையும் உறையும் கொடுத்தார்கள். முதலில் வாங்கினார்கள், சீக்கிரமே விட்டுவிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டுத் தலைசுற்றியவளுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. 1977இல் முறையை மாற்றினார்கள். ஊசி, காப்பர்-டி, ஆபரேசன் எல்லாம் சேர்த்தார்கள். அதைவிட முக்கியம், அந்தந்த ஊரிலேயே படித்த, கல்யாணமான 80 பெண்களை வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் வருவார்கள். என்ன பண்ணுது, ஒத்துக்குதா, மாத்தணுமா என்று கேட்பார்கள். ஒன்றரை வருசத்துக்குள் மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் ஏதோ ஒரு முறைக்கு வந்துவிட்டார்கள், வந்தவர்கள் நின்றார்கள். 1996இல் கணக்கெடுத்துப் பார்த்தபோது, அந்தக் கிராமத்துப் பெண்களின் உடல் எடை பக்கத்துக் கிராமங்களைவிடத் தேவலை, பிள்ளைகள் சாவும் குறைவு.

இதைத்தான் உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள், கூடை பெரிசானால் உடம்பு தேறும் என்பதற்கு அத்தாட்சியாக. அத்தாட்சிதான். ஆனால் எதற்கு அத்தாட்சி? கூடையோடு தடுப்பூசியும் போனது, பிள்ளைகளுக்கு வைத்தியமும் போனது. எது எதனால் என்று நூல் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெளிவு. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டிய அந்த 80 பெண்களைக் கழித்துவிட்டு வெறும் சரக்கை எண்ணினால் மத்லாப் இல்லை, 1975தான் மிஞ்சும். நம்ம அதிகாரிகள் சரக்கை எண்ணினார்கள், அந்தப் பெண்களை விட்டுவிட்டார்கள்.

நம்மிடமே அப்படி ஒரு முயற்சி இருந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1981இல் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு டஜன் தலித் பெண்கள், ஆய்வாளர் டி.கே. சுந்தரி ரவீந்திரனோடு சேர்ந்து ருவ்செக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கூலி வேலை செய்த சேரிப் பெண்கள். அவர்களே சுகாதாரப் பணியாளர்களாக மாறி, சேரிகளுக்குப் போய் உடம்பைப் பற்றிப் பேசினார்கள், பெண்களுக்கென்று மருத்துவமனையும் நடத்தினார்கள். நம் இயக்க வரலாறு எழுதுகிறவர்கள் மாநாடு, ஊர்வலம், துப்பாக்கிச் சூடு எல்லாம் எழுதுகிறார்கள், இதை எழுதுவதில்லை.

திரும்பக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2012 ஜனவரி 7, பீகாரில் அராரியா மாவட்டம், ஒரு பள்ளிக்கூடக் கட்டடம், ராத்திரி. ஒரே டாக்டர், ரெண்டு மணி நேரம், 53 பெண்கள். பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, டார்ச் வெளிச்சத்தில். ஏழைகள், கீழ்ச்சாதி என்று சொல்லப்படுகிறவர்கள். 2014 நவம்பர் 8, சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம், பாழடைந்து கிடந்த தனியார் ஆஸ்பத்திரி. ஒரே டாக்டர், சில மணி நேரம், 83 பெண்கள். அந்த வாரம் அந்த மாவட்டத்து முகாம்களுக்குப் போனவர்களில் 13 பேர் செத்தார்கள். பெரும்பாலும் தலித், பழங்குடி, பிற்பட்ட சாதிப் பெண்கள். கொடுத்த மாத்திரையில் எலி மருந்து கலந்திருந்தது என்று அரசு சொன்னது. இருக்கட்டும். எலி மருந்து கலந்த மாத்திரை ஏன் பணக்காரப் பெண் வாய்க்குப் போகவில்லை?

அராரியா வழக்கில், தேவிகா பிஸ்வாஸ் போட்ட மனுவில், 2016 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2010 முதல் 2013 வரை ஆபரேசனில் 363 பேர் இறந்ததைப் பதிவு செய்தது. மூன்று வருசத்துக்குள் முகாம்களை நிறுத்தச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் நூற்றுக்கு 58 பேர் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வெளியே வரவேண்டும் என்று வைத்துவிட்டு, வாசலில் கூட்டம் கூடாதே என்றால் எப்படி? இன்னொரு வாசலைத் திறக்கணும்.

இங்கேதான் நம் தோழர்களோடு எனக்குச் சண்டை.

ஊசி என்றால் நம் பக்கத்தில் பாதிப்பேர் எழுந்து நின்றுவிடுகிறார்கள். ஏகாதிபத்தியச் சதி, நம் பெண்கள் சோதனை எலி, தடை செய். இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 1985இல் ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில் நெட்-என் ஊசியைக் கிராமத்துப் பெண்களிடம் சோதித்தார்கள், சோதனை என்றே சொல்லாமல். 1986இல் ஸ்திரீ சக்தி சங்கடனாவும் சஹேலியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கர்ப்பப்பைக்குள் வைத்து அடைக்கிற குயினாக்ரின் மாத்திரையை 1998இல் தடை செய்ய வைத்ததும் பெண்கள் அமைப்புகளின் போராட்டம்தான். அவர்கள் போராடியிருக்காவிட்டால் நம் தெருவில் எதையெல்லாம் போட்டிருப்பார்களோ. அந்தக் கடன் நமக்கு இருக்கிறது.

ஆனால் அவர்கள் கேட்டது என்ன? எங்களிடம் சொல், எங்களைக் கேள், போட்டபின் எங்களைப் பார். அதைச் சுருக்கி ‘ஊசி வேண்டாம்’ என்று இரண்டு வார்த்தை கோஷமாக ஆக்கிவிட்டோம். 2017 முதல் அரசாங்கம் ‘அந்தரா’ என்ற பெயரில் மூன்று மாத ஊசியை இலவசமாகத் தருகிறது. எலும்பின் அடர்த்தி குறையும், நிறுத்தின பிறகு கரு தரிக்க ஏழெட்டு மாசம், பத்து மாசம்கூட ஆகலாம், போக்கு தாறுமாறாகும், பிறகு நின்றே போகலாம். இதெல்லாம் உண்மை. இதைச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். ஹெச்.ஐ.வி. தொற்றைக் கூட்டும் என்று வெகுகாலம் பயந்தோம். ஆப்பிரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2019இல் வந்தது, மற்ற முறைகளோடு ஒப்பிட்டுப் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

ஒரு அக்கா. மூணு பிள்ளை. வீட்டுக்காரன் குடித்துவிட்டு வருகிறவன். உறை என்றால் அடிப்பான். ஆபரேசன் என்றால், “எவன்கூடப் போறதுக்கு?” என்பான். மாத்திரை அட்டையைக் கூரையில் சொருகி வைத்தாள், மாமியார் எடுத்து அடுப்பில் போட்டாள். இவள் ஊசி போட்டுக்கொள்கிறாள். “இது ஒண்ணுதான் பாப்பா யாருக்கும் தெரியாது. மாசம் குளிக்காததப் பாத்து முழுகாம இருக்கேன்னு கிழவி நெனச்சுக்கிட்டா. நெனச்சுக்கட்டும்.” சிரித்தாள். எலும்பைப் பற்றி நான் சொன்னேன். “எலும்பா? அவன் ஒடச்சதே ரெண்டு” என்றாள்.

இவளிடம் போய், தோழரே, நீங்கள் ஏகாதிபத்தியம் பேசுவீர்களா? அவள் புருசன் குடியை நிறுத்தட்டும், அதுவரைக்கும் என்று நானும் எத்தனையோ நீட்டலாம். அவள் நாள் தள்ளிப்போனால் மாசம் நிற்காது. ஊசியைப் பிடுங்கினால் அவளுக்கு மிச்சம் கத்திதான், இல்லை இன்னொரு பேறு, இல்லை எவளோ ஒருத்தியிடம் போய்க் கலைப்பது. கலைக்கப் போனாலும், “ஆபரேசன் பண்ணிக்கிறேன்னு சொல்லு, கலைக்கிறேன்” என்று பேரம் பேசுகிற இடங்கள் இருக்கின்றன. 1971 சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது.

ஆக, எதிர்ப்பது மட்டும் போதாது. பெண்ணிடம் விவரம் சொல்லாமல் போடுவதை எதிர்க்கணும், எடுக்க மறுப்பதை எதிர்க்கணும். பொருளை எதிர்த்து என்ன ஆகப்போகிறது? நாம் எதிர்த்த பொருள் எல்லாம் டவுனில் மருந்துக்கடையில் கிடைக்கிறது, காசு உள்ளவள் வாங்கிக்கொள்கிறாள். நம் எதிர்ப்பு காசில்லாதவளைத்தான் தடுத்தது.

இனி நம் ஆண்கள். ஆயிரத்துக்கு ஒருவர் என்று சொன்னேனே. அந்த ஆயிரத்தில் நம் தோழர்கள் எத்தனை பேர்? ஆண்களுக்கான ஆபரேசன் கால்மணி நேரம், தையல்கூட இல்லை, பெண்களுக்குச் செய்வதைவிட ஆபத்து குறைவு. அந்த 2007 பட்டியலில் ஆண்களுக்கு 1100 ரூபா, எந்தச் சாதியானாலும். போக ஆளில்லை. மூட்டை தூக்க முடியாதாம், ஆம்பளைத்தனம் போய்விடுமாம். அறுத்த வயிற்றோடு பதினைந்தாம் நாள் செங்கல் சுமக்கிற பொண்டாட்டியைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்கிறார்கள். சாதி ஒழிப்பு, பார்ப்பனிய எதிர்ப்பு, மாற்றுப் பண்பாடு எல்லாம் மேடையில் முழங்கிவிட்டு, வீட்டில் ‘நீ போய்ப் பண்ணிட்டு வந்துடு’. உறை ஒன்றுக்குத்தான் நோய்த்தொற்றைத் தடுக்கிற சக்தி உண்டு. ஹெச்.ஐ.வி. இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல் சென்னையில். அதற்குப் பிறகு லாரியிலும் சூளையிலும் ஊர் சுற்றிவிட்டு வந்த புருசனிடமிருந்து நோயை வாங்கிய பெண்களில் எத்தனையோ பேர் ஏற்கெனவே ஆபரேசன் முடித்தவர்கள். “ஆபரேசன்தான் ஆயிடுச்சே, இனிமே உறை எதுக்கு?” என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்ததில்லை. கருவை அடைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிற திட்டத்துக்கு அவள் உடம்பின் மற்ற பாகம் கண்ணுக்குத் தெரியாது.

அம்பேத்கர் பெயரைச் சொல்கிறவர்களுக்கு ஒன்று. 1938 நவம்பரில் பம்பாய் சட்டசபையில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. கருத்தடை வசதியை அரசாங்கம் மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று. பி.ஜே. ரோகம் முன்மொழிந்தார், பேச்சு அம்பேத்கர் எழுதியது. பேறுகால வலி ஆணுக்கு வந்திருந்தால் ஒரு பிள்ளைக்கு மேல் எவனும் சம்மதித்திருக்க மாட்டான் என்பது அதில் இருக்கிற வாதம். சபை அதைத் தோற்கடித்தது. அதே 1930களில் இங்கே பெரியார், நாட்டு வறுமைக்காகவோ தாயின் ஆரோக்கியத்துக்காகவோ அல்ல, பெண் சுயேச்சையாக இருப்பதற்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று வாதாடினார். மேலே சொன்ன லீக் கனவான்கள் எதற்காகக் கேட்டார்கள், இவர்கள் எதற்காகக் கேட்டார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ரெண்டு பேரும் கேட்ட பொருள் ஒன்றுதான். சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் நடத்தியது லீக்காரர்கள் திட்டத்தை. நாம் அம்பேத்கர், பெரியார் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டோம்.

வருகிற மாவட்டக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும், எத்தனை பேருக்குப் போட்டோம் என்பதோடு, எத்தனை பேர் எடுக்கக் கேட்டார்கள், எத்தனை நாளில் எடுத்தோம் என்ற பதிவேடும் வைக்க வேண்டும், அதை நாம் போய்ப் பார்க்க வேண்டும். பிரசவ வலியில் இருக்கிறவளிடம் வாங்கிய கையெழுத்தோ ரேகையோ செல்லாது என்று அறிவிக்க வேண்டும். மூன்றாவது நம் அமைப்புக்கு உள்ளே: ரெண்டு பிள்ளை பெற்ற பொறுப்பாளர்கள் எழுந்து நின்று, வீட்டில் ஆபரேசன் யாருக்கு நடந்தது என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும். முதல் ரெண்டும் கைதட்டலோடு நிறைவேறும். மூன்றாவதை எதிர்த்துப் பேச இப்போதே சிலர் தயாராகிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.